பாறைக்கும் பெரியவருக்கும் ஒரே படி

1

காரமடையைத் தாண்டி மேற்கே மலையடிவாரம் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் கொஞ்சம் துணி, வெல்டிங் கண்ணாடி, ஒரு அளவு டேப். துடியலூர் பட்டறையின் சாவியை அன்று காலைதான் ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்திருந்தேன். காரமடை வரைக்கும் பஸ். அதற்குமேல் மினி பஸ் உண்டு. அது என்னைத் தாண்டிப் போனபோது கை காட்டவில்லை. ஒரு வேலையை விட்ட அன்றைக்குக் கொஞ்ச தூரம் நடந்தால்தான் எனக்கு மனசு ஒரு நிலைக்கு வரும்.

இப்படி விட்டுவிட்டு நடந்த இடங்கள் நிறைய. பிறந்தது வால்பாறையில், எஸ்டேட் லைன் வீட்டில். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். லாரியில் கிளீனராக இருந்தேன். கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் வெல்டிங் பழகினேன். திருப்பூர் சாயப்பட்டறை, கணபதியில் கிரில் பட்டறை என்று போனது. எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியதில்லை. ஒருநாள் காலையில் இந்த இடம் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன். சோறில்லாமல் பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் உண்டு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பசித்தது, விடிந்தது, எங்கோ ஒரு வேலை கிடைத்தது.

துடியலூரை விட்டது மட்டும் அப்படி இல்லை. மனசில் ஒரு பெரியவர் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு மேட்டுப்பாளையம் பக்கம் போய்விடலாம் என்றுதான் அந்த ரோட்டில் நடந்தேன். வண்டிக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் செய்யும் தொழிலுக்கு இப்போது இளைஞர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் படித்து வைத்துக்கொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

2

எங்கள் பட்டறையில் காடுமேடு ஏறும் வண்டிகளுக்கு வேலை செய்வோம். முன்பக்கம், சேற்றில் சிக்கினால் இழுத்துவிடும் வின்ச், மேலே கேரியர், அடியில் தகடு, பக்கவாட்டில் ராக் ஸ்லைடர். முதலாளி செந்தில் அண்ணன். வெல்டிங் பொறுப்பு ஜாஃபர் பாய், கோட்டைமேட்டுக்காரர். நான் அவருக்குக் கீழே.

ராக் ஸ்லைடர் என்பது கதவுகளுக்குக் கீழே, வண்டியின் இரு பக்கமும் நீளவாக்கில் வரும் கனமான பைப். பாடியில் மாட்டக் கூடாது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பிராக்கெட் வைத்து போல்ட் போட்டு முறுக்க வேண்டும். வண்டி ஒரு பாறைமேல் இறங்கிவிட்டால், கதவுக்குக் கீழே இருக்கும் தகடு நசுங்காமல் அந்தப் பைப் எடையை வாங்கிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு ஃபுட்போர்டு மாதிரித் தெரியும். ஃபுட்போர்டு ஒரு ஆளைத் தாங்கினால் போதும். ஸ்லைடர் வண்டியையே தாங்க வேண்டும்.

அந்தப் பெரியவரின் மகன் கார்த்தி ஒரு வண்டியைக் கொண்டுவந்தது ஒரு மழைக்காலத்தில். புது வண்டி, ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி. சீட்டுக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. தோட்டம் காரமடைக்கு மேற்கே. தென்னையும் வாழையும். வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்தால் மலைத்தண்ணீர் அதில்தான் இறங்கும். மற்ற நாளில் வெறும் பாறை. பழைய காரின் அடிப்பாகம் அந்தப் பாறையிலேயே கிழிந்துபோனது.

“பாறைக்கு மட்டும்னா வெறும் பைப்பே போதுமுங்ணா,” என்றார் கார்த்தி. “ஆனா எங்கப்பா ஏறோணும். அதுதான் முக்கியம்.”

“பெரியவருக்கு என்னங்க?” என்று செந்தில் அண்ணன் கேட்டார்.

“பக்கவாதமுங்க. இடது கையி, இடது காலு. காலு கொஞ்சம் தேறிருக்குது, கைத்தடி வெச்சு ஊட்டுக்குள்ள நடக்கறாரு. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ பிசியோதெரபிக்குக் கோயமுத்தூர் வரச் சொல்லியிருக்கறாங்க. வரமாட்டீங்கறாரு.”

“ஏனுங்க?”

கார்த்தி காரணத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கு, தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பேர் அவரைக் காரிலிருந்து தூக்கி இறக்கினார்கள். வாசலில் தேங்காய் ஏற்ற வந்த லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். உறவுக்காரர்களும் நின்றிருந்தார்கள். வேட்டி விலகிவிட்டது. அன்றைக்கே பெரியவர் சொல்லிவிட்டார். நானாக ஏறி, நானாக இறங்குகிற வண்டி வந்தால் வீட்டை விட்டு வெளியே வருவேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டிலோடு கிடக்கிறேன் என்று. பழைய கார் தாழ்வாக இருந்ததால் அதற்குள் குனிந்து உட்காரவும் எழவும் அவரால் முடியவில்லை. அதனால்தான் உயரமான வண்டி வாங்கியிருந்தார்கள். அது இப்போது ஏற முடியாத உயரமாகப் போய்விட்டது.

“டாக்டர் என்ன சொல்றாருன்னா, இப்ப உட்டா அந்தக் கையும் காலும் அப்பிடியே இறுகிப்போயிருமுங்களாமா. அப்பறம் வந்து பிரயோசனமில்லீனு சொல்லிப்போட்டாரு.”

ஆக, அந்தப் படியில் ஒரு ஆளின் காலும் கையும் இருந்தன. அது எங்கள் எல்லோருக்கும் அப்போதே தெரியும்.

செந்தில் அண்ணன் முதலில் பட்டன் அமுக்கினால் இறங்கும் படியைக் காட்டினார். கதவைத் திறந்ததும் மோட்டாரில் கீழே இறங்கும், சாத்தினால் மேலே போய்விடும். கார்த்திக்குப் பிடித்திருந்தது. ஜாஃபர் பாய் வேண்டாம் என்றார்.

“பள்ளத்துச் சேறு மோட்டார்ல போயி அடைச்சுக்கும் தம்பி. ஒருநாள் பாதியில நின்னுக்கும். பெரியவர் கால வெச்ச நேரம் பாத்து மேல போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“பாய், நீங்க ஏவாரத்தையே கெடுத்துருவீங்க போங்க,” என்று செந்தில் அண்ணன் சிரித்தார். ஆனாலும் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

3

படியோடு கூடிய ஸ்லைடர் என்பது பேசும்போது சுலபம். பாறைக்கு ஸ்லைடர் எவ்வளவு மேலே, எவ்வளவு உள்ளே ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மனிதனுக்குப் படி எவ்வளவு கீழே, எவ்வளவு வெளியே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டும் ஒரே இரும்பில் வர வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றில் பிடுங்க வேண்டியதுதான்.

லாரிகளில் கீழ்ப்படியை ரப்பர் பெல்ட்டில் தொங்கவிட்டிருப்பார்கள். கல்லில் இடித்தால் மடங்கிக்கொடுக்கும், உடையாது. நான் அதைச் சொன்னேன். ஒன்று செய்து கட்டியும் பார்த்தோம். செந்தில் அண்ணன் அதில் காலை வைத்தார், ஊஞ்சல் மாதிரி உள்ளே போனது, கதவைப் பிடித்துத் தொங்கினார்.

“டேய், இது பெரியவரு ஏறவா, சர்க்கஸ் காட்டவா?”

அதை அவிழ்த்துப் போட்டோம். கடைசியில் முடிவானது இது. இரு பக்கமும் முழு நீளத்துக்குக் கனமான ஸ்லைடர். இடதுபுறம் முன்கதவுக்கு நேராக மட்டும், அதற்குக் கீழே ஒரு தாழ்ந்த படி. அந்தப் படியை வெல்டிங் வைக்காமல் சிறிய போல்ட்டில் நிறுத்துவது. பாறையில் பலமாக மோதினால் போல்ட் அறுந்து படி மட்டும் போகும், சேஸிஸுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்லைடரைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைப்பது வழக்கம். படியின் தட்டை மட்டும் ஜாஃபர் பாய் சமமாக வைத்தார். சாய்ந்திருந்தால் பலமில்லாத கால் உள்பக்கம் வழுக்கும். பெரியவர் நல்ல காலை முதலில் வைத்து, பிறகு மற்றக் காலைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பார் என்று கார்த்தி சொல்லியிருந்தார். அதனால் இரண்டு பாதமும் ஒன்றாக நிற்கிற அகலம் வைத்தோம். தட்டில் துளை போட்டு, துளையின் விளிம்பை மேல்பக்கமாகத் தூக்கிவிட்டோம். ஈரத்திலும் செருப்பு பிடிக்கும். படியின் உயரத்தை, வீட்டு வாசற்படியில் அவர் தினமும் ஏறும் உயரத்துக்கே வைத்தோம். கார்த்தி அளந்து வந்து சொன்ன அளவு.

வேலை பாதியில் இருக்கும்போது ஜாஃபர் பாய் ஒரு பேச்சை எடுத்தார். அவர் இடது முன்கதவுக்கு நேராக நின்று, தன் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தார். பிறகு வலதுபுறம் போய் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கதவில் அதே மாதிரி ஏறினார்.

“தம்பி, இங்க வாங்க,” என்று கார்த்தியைக் கூப்பிட்டார். “இடதுபக்கம் முன்னாடி ஏறுனா, வண்டியில இருக்கற பிடி இடது கைக்குத்தான் வருது. அவருக்கு அந்தக் கைதானே வேல செய்யல? வலதுபக்கம் பின்கதவுன்னா பிடி வலது கைக்கு நேரா வருது. படிய அந்தப் பக்கம் வெச்சுரலாமா?”

கார்த்தி சுற்றிலும் பார்த்தார். பெரியவர் இருபது மைலுக்கு அப்பால் இருந்தார். இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாய், அவரு பின்னாடி உக்காரமாட்டாருங்க. இத்தன வருசமா வண்டிய அவருதான் ஓட்டுனாரு. இப்ப நான் ஓட்டறதே அவருக்குப் பெரிய வெசனம். முன்னாடி உக்காந்தாத்தான் வண்டி அவுருது. பின்னாடி ஏறுங்கன்னு எங்கம்மாகூடச் சொல்லமாட்டாங்க.”

“நீங்க சொல்லிப் பாருங்களேன்.”

“நானுங்களா?” என்று சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டில் பெரியவர் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்ல எங்கள் பட்டறைக்கும் உரிமை இல்லை. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தோம்.

4

இரும்பு வேலை முடிந்தால் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஸ்லைடருக்கு அடியில் ஜாக்கி வைத்து, வண்டியின் ஒரு பக்கத்தைத் தரையிலிருந்து தூக்குவோம். இரண்டு சக்கரமும் அந்தரத்தில் நிற்க, நான்கு கதவையும் திறந்து சாத்திப் பார்ப்போம். எங்காவது கதவு இடித்தால் எடை பாடிக்குப் போகிறது என்று அர்த்தம், பிராக்கெட்டை அவிழ்த்து மறுபடி செய்ய வேண்டும். இந்த வண்டியில் கதவுகள் புதுசு மாதிரியே சாத்தின. செந்தில் அண்ணன் அதை வீடியோ எடுத்து நெட்டில் போட்டார்.

அப்புறம் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். படியைப் பார்க்கத்தான் என்று சம்மதிக்க வைத்து, வாடகைக் காரில், தாழ்வான சீட்டில், எப்படியோ உட்கார வைத்து. வேலுச்சாமி அய்யா உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. கைத்தடியை வலது கையில் பிடித்திருந்தார். பட்டறையில் வேலை செய்த எல்லோரும் எழுந்து நின்றோம்.

“ஏனப்பா, இதா அந்தப் படி?” என்றார். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் புரிந்தது.

“ஆமாங்கய்யா.”

கைத்தடியால் தட்டைத் தட்டிப் பார்த்தார். “கெட்டியாத்தான் இருக்குது. என்னைய விட.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

கார்த்தி கதவைத் திறந்து, அப்பாவின் வலது பக்கத்தில் நின்றுகொண்டார். பெரியவர் கைத்தடியைக் கார்த்தியின் அம்மாவிடம் கொடுத்தார். வலது கையை மகன் தோளில் வைத்தார். வலது கால் படியில் ஏறியது. இடது கால் மெதுவாக வந்து பக்கத்தில் சேர்ந்தது. இரண்டு காலும் படியில் நின்றன. ஒரு மூச்சு விட்டார். பிறகு வலது கால் உள்ளே போனது, உட்கார்ந்துவிட்டார். இடது காலைத் தன் வலது கையாலேயே தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

கார்த்தியின் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். செந்தில் அண்ணன் கைதட்டினார், பட்டறை முழுக்கத் தட்டியது.

“எப்பிடீங்கய்யா இருக்குது?”

“சுளுவா இருக்குதப்பா. நானா ஏறிப்போட்டேன் பாத்தியா?”

மறுபடி இறங்கி, மறுபடி ஏறிக் காட்டினார். மறுபடியும் மகன் அதே இடத்தில், அதே தோளோடு நின்றார். அந்தத் தோள் அங்கே இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு மகன் அப்பா பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் வளர்ந்த எந்த மகனும் அப்படித்தான் நிற்பான். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் எங்களை ஒரு மாதிரிப் பார்த்திருப்பார்கள். ஜாஃபர் பாய்கூட அன்று பின்கதவுப் பேச்சை எடுக்கவில்லை. ஏறிவிட்டாரே, அதற்குமேல் என்ன.

இரும்பைத் தனியாக அந்தரத்தில் நிறுத்திச் சோதித்தோம். அந்த மனிதரைத் தனியாக நிறுத்திச் சோதிக்கவில்லை.

5

கொஞ்ச காலம் நன்றாகப் போனது. பெரியவர் பிசியோதெரபிக்கு வந்தார். விரல்கள் கொஞ்சம் மடங்கி நீள்கின்றன என்று கார்த்தி போனில் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் முன்சீட்டிலிருந்து இறங்கி, தெரிந்தவர்களைப் பார்த்துக் கை தூக்குவாராம்.

பிறகு ஒருநாள் காலை, கார்த்தி வண்டியைக் கழுவாமலே பட்டறைக்குக் கொண்டுவந்தார். இடது ஸ்லைடர் முழுக்கப் பாறை உரசிய வெள்ளைக் கோடு. தாழ்ந்த படியைக் காணோம். இரண்டு போல்ட்டும் அறுந்திருந்தன.

“என்னாச்சுங்க தம்பி?” என்றார் செந்தில் அண்ணன்.

கார்த்தி அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்து சொன்னார். சில நாட்களுக்கு முன்னால், பிசியோதெரபிக்குப் போகும் நாள் அது. கார்த்தி மோட்டார் ரூமில் இருந்தார், அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் சட்டை போட்டு, கைத்தடியோடு வாசலுக்கு வந்து, யாரையும் கூப்பிடாமல் வண்டிக் கதவைத் திறந்திருக்கிறார். தானாக ஏறி உட்கார்ந்து, மகன் வரும்போது ஹார்ன் அடிக்கலாம் என்று நினைத்திருப்பார் போல. கைத்தடியை வண்டியில் சாய்த்துவிட்டு வலது காலைப் படியில் வைத்தார். வலது கையை நீட்டினார். பட்டறையில் தோள் இருந்த இடத்தில், ஆஸ்பத்திரி வாசலில் தோள் இருந்த இடத்தில், ஒன்றுமில்லை. இடது கைக்கு நேராக ஒரு பிடி இருந்தது. அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை.

“மல்லாக்க உழுந்துட்டாருங்ணா. நான் ஓடிவந்தப்ப வானத்தப் பாத்துட்டுக் கெடந்தாரு. சத்தமே போடல.”

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முந்தின ராத்திரி மலையில் மழை, பள்ளத்தில் தண்ணீர். ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றுவிட்டது. அதனால் இந்த வண்டியிலேயே, பின்சீட்டை மடக்கிப் படுக்க வைத்து, கார்த்தி தண்ணீருக்குள் இறக்கினார். நடுவில் வண்டி பக்கவாட்டில் சரிந்து ஒரு பெரிய பாறைமேல் உட்கார்ந்தது. படி அறுந்து போனது. ஸ்லைடர் பாறைமேல் வழுக்கிக்கொண்டே வண்டியை அக்கரை சேர்த்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் கதவைத் திறந்தபோது ஒரு கதவும் இடிக்கவில்லை.

நாங்கள் செய்த இரும்பு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

“ஆபரேசன் ஆயிப்போச்சுங்க. தட்டு வெச்சிருக்கறாங்க. இனி நடக்கறது செரமமுன்னு சொல்லிப்போட்டாங்க.” கார்த்தி யாரையும் குறை சொல்லவில்லை. எழுந்து, ஸ்லைடர் போல்ட் எல்லாம் டைட்டாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.

ஜாஃபர் பாய் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட இளகவில்லை.

கார்த்தி டீ குடிக்கப் போனதும் செந்தில் அண்ணன் போனை எடுத்து அந்த உரசல் கோட்டைப் பல பக்கமிருந்து படம் பிடித்தார். “பாத்தியா, பைப் நெளியவே இல்ல. இதப் போட்டா போதும், ஆர்டர் வரும்.” அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். தொழில்காரர் கண் முதலில் பைப்பைப் பார்த்தது, அவ்வளவுதான்.

அடுத்த மாதமே ஒரு குடும்பம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி, பாட்டிக்கு ஏறத் தாழ்ந்த படியோடு வேண்டும் என்று. நான் அவர்களிடம், பாட்டி எந்தக் கையால் பிடிப்பார்கள், தனியாக ஏறுவார்களா என்று கேட்டேன். செந்தில் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, அவிய ஊட்டு விசயமெல்லாம் நமக்கெதுக்கு? கேட்ட அளவுக்குச் செஞ்சு குடுப்போம். அவ்வளவுதான்.”

“செரிங்ணா,” என்றேன். மறுநாள் காலை சாவியை ஆணியில் மாட்டினேன். எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

6

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பள்ளத்தில் இப்போது தண்ணீர் இல்லை. பாறை இடுக்கில் எங்கள் படியின் தட்டு துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தாண்டி மேலே ஏறினேன்.

பெரியவர் முன்ரூமில் கட்டிலில் படுத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஜன்னல் மேடையில், வண்டிக் கதவின் பூட்டுக் கொக்கியில் மாட்டிப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி ஒன்று, வாங்கிய கவரைப் பிரிக்காமலே இருந்தது. அவர் விழுந்ததற்கு அப்புறம் கார்த்தி வாங்கியது.

“நீ அந்தப் பட்டற ஆளுதானே?”

“ஆமாங்கய்யா.”

“படி நல்லாத்தாங் கண்ணு இருந்துச்சு.”

கார்த்தியின் அம்மா சாப்பாடு போட்டார். எங்கே வேலை என்று கேட்டார், விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

கார்த்தி வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். போன தடவை தோட்டத்து ஆட்கள் தூக்க வந்தார்கள். பெரியவர் அவர்களும் வேண்டாம், மகனும் வேண்டாம் என்று சத்தம் போட்டுப் போகாமலே விட்டுவிட்டார். காயத்தையும் காட்டவில்லை, கைக்கான பயிற்சியும் நின்றுபோனது. விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கிவிட்டன.

“நர்ஸ் பசங்க யாராச்சும் கெடைப்பாங்களான்னு பாத்துட்டு இருக்கறேனுங்க. இந்தப் பள்ளந்தாண்டி யாரும் வரமாட்டீங்கறாங்க.”

உள்ளேயிருந்து பெரியவர் குரல் வந்தது. எங்கள் பேச்சு அவருக்குக் கேட்டிருக்கிறது.

“அவனக் கேளு.”

இருவரும் உள்ளே போனோம்.

“என்ற தோட்டத்துல, நாஞ் சொல்லி வேல செஞ்சவிய கையில நாங் கெடக்கமாட்டேன். இவன் வெளியாளு. இவன் தூக்குனா தூக்கிட்டுப் போறான்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “தூக்குவியா?”

“தூக்கறேனுங்க.”

“இரும்பு தூக்கற கையி. பாத்துத் தூக்கோணும்.”

“செரிங்கய்யா.”

தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். குடும்ப வண்டிக்குப் படி வைக்கும்போது காலை மட்டும் அளக்காதீர்கள். கை எங்கே போகிறது என்று பாருங்கள். ஏறப்போகிறவரைக் கூட்டிவந்து, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் ஏறச் சொல்லுங்கள். மகன் பக்கத்தில் நின்றால், தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மரியாதை இல்லாதவன் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். எந்தக் கதவு என்பதை முன்சீட்டின் அந்தஸ்தை வைத்து முடிவு செய்தால், சங்கடமாக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு பேச்சைப் பெரியவரிடமே சொல்ல அன்றைக்கு எங்கள் பட்டறையில் ஆளில்லாமல் போனது.

மறுநாள் காலை விடிந்ததும் கார்த்தி வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் குளித்துவிட்டு, கையில் கிரீஸ் வாசனை போகச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியிருந்தேன். பெரியவருக்கு வேட்டிக்குப் பதில், அவர் வாழ்க்கையில் போட்டிராத ஒரு பேண்ட்டைக் கார்த்தியின் அம்மா போட்டுவிட்டிருந்தார். விலகக் கூடாது என்று. ஒரு கையை முதுகுக்குக் கீழேயும் ஒரு கையை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்துத் தூக்கினேன். ஒரு மூட்டை பஞ்சின் கனம்கூட இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் இடதுபக்கம் போகத் திரும்பினேன்.

“அந்தப் பக்கம் வேண்டாம்,” என்றார், கண்ணைத் திறக்காமலே. “பின்னாடியே ஏத்து.”

கார்த்தி ஓடிப்போய் வலதுபக்கப் பின்கதவைத் திறந்தார், தலையைக் குனிந்துகொண்டு. ஸ்லைடர்மேல் ஒரு காலை ஊன்றி நின்று அவரை உள்ளே இறக்கினேன். ஸ்லைடர் அசையவில்லை. அவருடைய வலது கை எதையும் பிடிக்கவில்லை, மடியிலேயே கிடந்தது. இடது காலை எடுத்து உள்ளே வைத்தேன். பெல்ட் போட்டேன். கதவைச் சாத்தி, மறுபக்கமாக ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முன்சீட்டு காலியாக இருந்தது. கார்த்தி வண்டியைப் பள்ளத்துக்குள் இறக்கினார். பெரியவரின் தோள் ஆடாமல் இருக்க என் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டேன். அன்று காலை நான் சேர்ந்த வேலை அது.